வடிகால் அடைபட்ட கண்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் நீடாமங்கலம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு 54 வயது, விவசாயம். எட்டு வருஷமாகச் சுகர் இருக்கிறது. பிபி மாத்திரையை ஒரு நாள் போடுவார், இரண்டு நாள் மறப்பார். போன கார்த்திகையில் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று கண்டுபிடித்து கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். தை மாதத்திலிருந்து இரண்டு கண்ணும் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. காலையில் இமை வீங்கி, கண் சிவந்திருக்கும். பீடி நாளைக்கு ஒரு கட்டு.

ஆடிப்பெருக்குக்கு மறுவாரம், தூங்கி எழுந்ததும் வலது கண்ணில் புகை மூடியது போல் இருக்கிறது என்றார். தைராய்டுக் கண் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே நினைத்து மூன்று வாரம் விட்டுவிட்டோம். பிறகு தஞ்சாவூரில் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தவர்கள், விழித்திரையின் பெரிய ரத்தக் குழாய் அடைத்து ரத்தம் கசிந்து நீர் கோத்திருக்கிறது, மாதா மாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். தைராய்டு டாக்டர், கண் வீக்கத்துக்கு வாரம் ஒருமுறை ஸ்டீராய்டு டிரிப் ஏற்ற வேண்டும் என்கிறார். இப்போது சம்பா நடவு நேரம். தை அறுவடை முடியட்டும், அப்புறம் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று இவர் பிடிவாதம் பிடிக்கிறார். கண்ணில் ஊசி போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். அடைப்பு தைராய்டால் வந்ததா? ஊசி போடலாமா? ஸ்டீராய்டு ஏற்றலாமா? இடது கண்ணும் போய்விடுமா? இரண்டு வயதுப் பேரன் இவர் முகத்தைப் பார்த்தாலே அழுகிறான். அதுதான் இவருக்குப் பெரிய வேதனை.

– வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு முன்னால் அவருடைய பிடிவாதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தை வரை தள்ளிப்போடக் கூடாது. இந்தப் பதிலைப் படித்த வாரத்திலேயே முதல் ஊசி போட்டாக வேண்டும். நடவை ஆள் வைத்து முடித்துக்கொள்ளலாம். ஊசி போட்ட மறுநாளே அவர் வரப்பில் நின்று வேலையைப் பார்க்கலாம். சேற்றுத் தண்ணீர் கண்ணில் தெறிக்காமல் ஒரு வாரம் வயலில் இறங்காமல் இருந்தால் போதும். ஐந்து நிமிஷ வேலைக்காக ஒரு போகமே கெட்டுவிடும் என்று அவர் பயப்படுகிறார் என நினைக்கிறேன். அப்படி எதுவும் கெடாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதை வயல் வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சொல்வது எளிது. உங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிவதை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பார். கண்ணிலும் அப்படி ஒரு தலைப்பு உண்டு. ஒரே ஒரு தமனி பார்வை நரம்பின் நடுவே புகுந்து வந்து, விழித்திரையில் நான்கு கிளையாகப் பிரிந்து ரத்தம் பாய்ச்சுகிறது. அது பாசன வாய்க்கால். பாய்ந்த ரத்தம் சிரைக் கிளைகளில் இறங்கி, ஒரே சிரையாகச் சேர்ந்து, அதே நரம்பின் வழியாக வெளியே போகிறது. அது வடிகால். பாசன வாய்க்கால் அடைத்தால் பயிர் உடனே காயும். வடிகால் அடைத்தால் தண்ணீர் வயலிலேயே நின்று பயிர் மூழ்கும். உங்கள் கணவருக்கு அடைத்திருப்பது வடிகால். வடிய வழியில்லாத ரத்தம் குழாயை மீறிக் கசிகிறது. அதிலுள்ள நீர், விழித்திரையின் நடுவில் நாம் எழுத்துப் படிக்கவும் முகம் பார்க்கவும் பயன்படுத்தும் அந்தச் சின்ன இடத்தில் தேங்குகிறது. அவர் சொன்ன புகை மூட்டம் அதுதான்.

மூழ்கிய சம்பாப் பயிர் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். தண்ணீரை வடித்துவிட்டால் நிமிர்ந்துவிடும். பத்து நாள் கழித்து வடித்தால் வேர் அழுகியிருக்கும். விழித்திரைக்கு அந்தக் கணக்கு வாரங்களிலும் மாதங்களிலும் ஓடுகிறது. சீக்கிரம் ஊசி தொடங்கியவர்களுக்குப் பார்வை மீண்ட அளவுக்கு, ஆறு மாதம் தாமதித்துத் தொடங்கியவர்களுக்கு மீளவில்லை என்பது பெரிய ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்ட விஷயம். அதே ஊசி, அதே மருந்துதான். தாமதம் மட்டுமே வித்தியாசம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அடைப்பு கடுமையாக இருந்தால், ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். அவை கண்ணின் முன்பகுதிக்கு வந்து, அங்கே நீர் வெளியேறும் வழியை மூடிவிடும். கண் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி, தாங்க முடியாத வலியோடு பார்வை முழுவதும் போகும். பெரும்பாலும் அடைப்பு வந்து மூன்று மாதம் ஒட்டி இது வருவதால், அந்தக் காலத்து டாக்டர்கள் இதை ‘நூறு நாள் கிளாகோமா’ என்றே அழைத்தார்கள். ஆடிப்பெருக்குக்கு மறுவாரத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். நூறாவது நாள் ஐப்பசி அடைமழை முடிந்து கார்த்திகை பிறக்கும் சமயத்தில் வரும். தை அறுவடைக்கு வெகு முன்னால். அதனால்தான் ஊசி ஒரு பக்கம் போட்டாலும், மாதம் ஒருமுறை கண் அழுத்தமும் கருவிழிப் படலமும் சோதிக்கப்பட வேண்டும். ‘பார்வை தேறிவிட்டது’ என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

இனி, அடைப்பு தைராய்டால் வந்ததா?

சிரையும் தமனியும் கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் சல்லடை போல ஒரு தகடு இருக்கிறது. அந்தக் குறுகலான வழியில் இரண்டும் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டு போகின்றன. பிபியும் சுகரும் பல வருஷம் வேலை செய்தால் தமனி தடித்து இறுகும். இறுகிய தமனி, பக்கத்தில் இருக்கும் மெல்லிய சிரையை நசுக்கும். நசுங்கிய இடத்தில் ரத்தம் சுழன்று உறைந்துவிடும். இந்த அடைப்பு வரும் பெரும்பாலானவர்களிடம் நாங்கள் பார்ப்பது இதைத்தான். ஒரு நாள் போட்டு இரண்டு நாள் மறக்கும் பிபி மாத்திரையைத்தான் நான் முதலில் குறை சொல்வேன்.

தைராய்டுக் கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த நோயே வேறு விதமானது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், தைராய்டு சுரப்பியையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அந்த எதிர்ப்புப் பொருள்கள் பற்றிக்கொள்ளும் அதே வகை இடங்கள் கண்ணுக்குப் பின்னால் உள்ள திசுக்களிலும் இருக்கின்றன. அங்கே கொழுப்பும் கண்ணை அசைக்கும் தசைகளும் வீங்குகின்றன. கண்குழி எலும்பால் ஆன கூம்பு. மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 30 மில்லிதான். நான்கு பக்கமும் எலும்பு, முன்பக்கம் மட்டும் திறப்பு. வீக்கம் போக வேறு வழியில்லாமல் கண்ணை முன்னே தள்ளுகிறது. நீங்கள் வெளியே பார்ப்பது அதை. உள்ளே, கூம்பின் குறுகிய முனையில், வீங்கிய தசைகளுக்கு நடுவே பார்வை நரம்பும், கண்ணின் ரத்தத்தை எடுத்துச் செல்லும் பெரிய சிரையும் நெருக்கப்படுகின்றன. வெங்காயத் தாமரை மண்டிய வடிகாலைப் போல ஓட்டம் மந்தமாகிறது. காலையில் இமை வீங்குவதும் கண் சிவப்பதும் அந்தத் தேக்கத்தின் வெளி அடையாளங்கள். கீழ்த் தசை இறுகியவர்கள் மேலே பார்க்கும்போது கண் அழுத்தமும் ஏறும். இதோடு, தைராய்டு அதிகமாகச் சுரக்கும் காலத்தில் ரத்தம் உறையும் தன்மையும் கொஞ்சம் கூடுகிறது.

இவ்வளவு இருந்தும், தைராய்டுக் கண் உள்ளவர்களுக்கு விழித்திரைச் சிரை அடைப்பு வருவது அரிது. ஆகவே பிபி முதல் காரணம், சுகர் இரண்டாவது, கண்குழி நெருக்கம் மூன்றாவது. பீடி மூன்றுக்கும் கூட்டாளி. இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாம் தைராய்டால் என்று நினைத்துவிட்டால், தைராய்டு மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு மற்றதைக் கைவிட்டுவிடுவோம்.

மூன்று வாரம் விட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். நான் படிப்பு முடித்து வேலைக்கு வந்த புதிதில், பிதுங்கிய கண்ணோடு ஓர் அம்மா வந்தார். மங்கலாக இருக்கிறது என்றார். கண் மூடாமல் உலர்ந்துபோவதால் மங்குகிறது என்று கண்ணீர்ச் சொட்டு மருந்தும் இரவுக்குக் களிம்பும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். கண்மணியை விரித்து உள்ளே பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது பார்த்தேன். விழித்திரை முழுக்க ரத்தத் திட்டுகள். அந்தக் கண்ணில் கை அசைவு தெரியும் அளவுக்குத்தான் கடைசிவரை பார்வை நின்றது. அன்றிலிருந்து தைராய்டுக் கண் என்று யார் வந்தாலும், கூட்டம் எவ்வளவு இருந்தாலும், சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்காமல் அனுப்புவதில்லை. நீங்களும் எந்த டாக்டரிடம் போனாலும் ‘உள்ளே பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஊசிக்கு வருகிறேன். ‘கண்ணுக்குள்’ என்றதும் கருவிழியில் குத்துவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கிருமிநாசினியால் கழுவி, வெள்ளை விழியின் ஓரத்தில் மயிரிழை போன்ற ஊசியால் ஏறத்தாழ ஒரு சொட்டு மருந்தைச் செலுத்துவார்கள். எறும்பு கடித்தது போல் இருக்கும் என்று பலர் சொல்வார்கள். அந்த மருந்து, குழாய்களைக் கசிய வைக்கும் புரதத்தைக் கட்டுப்படுத்தி நீரை வற்றவைக்கிறது. தொடக்கத்தில் மாதம் ஒன்று. பிறகு, விழித்திரையின் அடுக்குகளைப் படம் எடுக்கும் ஓசிடி ஸ்கேனில் நீர் எவ்வளவு வற்றியது என்று பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் போன்ற மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது விலை மிகக் குறைவு. நம் அரசு மருத்துவமனைகளிலும் விழித்திரைப் பிரிவில் ஊசி போடுகிறார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். போகும்போது காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பயமுறுத்துவது முழுப் பொய் அல்ல. ஊசிக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வை போகலாம். ஆனால் அது ஆயிரம் ஊசிக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நடக்கிறது. ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் வலி கூடி, கண் மேலும் சிவந்து, பார்வை குறைந்தால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். அவருக்கு ஏற்கனவே கண் சிவந்திருப்பதால், முந்தின நாள் எவ்வளவு சிவப்பு இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று யார் சொன்னாலும் கண்ணில் விடாதீர்கள்.

ஸ்டீராய்டு விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். தைராய்டு டாக்டர் சொன்னது சரியான வைத்தியமே. வழக்கமாக வாரம் 500 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம், பிறகு 250 வீதம் ஆறு வாரம், ஆகப் பன்னிரண்டு வாரத்தில் நாலரை கிராம் ஏற்றுவார்கள். வீக்கம் சூடாக இருக்கும் காலத்தில், அதாவது வலி, சிவப்பு, நீர்க்கட்டு எல்லாம் இருக்கும்போது ஏற்றினால் பலன் உண்டு. வீக்கம் இறங்கினால் சிரையின் நெருக்கமும் தளரும். அந்த வகையில் வலது கண்ணுக்கும் நன்மைதான். ஆனால் அதே மருந்து சுகரையும் பிபியையும் ஏற்றிவிடும். அடைப்புக்கு முதல் காரணம் எவையோ, அவற்றையே ஏற்றிவிடும். ஆகவே முதலில் இரண்டையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தேவைப்பட்டால் சில மாதம் இன்சுலின் போடச் சொல்வார்கள். மறுக்க வேண்டாம். கல்லீரல் சோதனை, மஞ்சள் காமாலைக் கிருமிக்கான சோதனை, மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி இவற்றைப் பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள். விழித்திரை டாக்டரின் சீட்டைத் தைராய்டு டாக்டரிடமும், அவருடைய சீட்டை இவரிடமும் காட்டுங்கள். இரண்டு பேரும் போனில் ஒருமுறை பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். நோயாளி கேட்டால் எந்த டாக்டரும் பேசாமல் இருக்கமாட்டார்.

கண்குழிக்குக் கதிர்வீச்சு வைக்கலாம் என்று யாராவது சொன்னால், சுகர் இருப்பதையும் விழித்திரை கெட்டிருப்பதையும் உடனே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது ஏற்றதல்ல, விழித்திரைக் குழாய்களை மேலும் கெடுக்கும். கழுத்துச் சுரப்பிக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதும் கண் நோயைக் கிளறிவிடக்கூடும், புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள், 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த டெப்ரோடுமுமாப் என்ற மருந்தைப் பற்றிச் சொல்லக்கூடும். கண் தள்ளலைக் குறைப்பதில் நல்ல மருந்துதான். ஆனால் சுகரை ஏற்றும், காது கேட்பதைப் பாதிக்கலாம், விலையும் நம் கைக்கு எட்டாது. இவருக்கு நான் எழுதமாட்டேன்.

இடது கண் தானாகப் போய்விடாது. ஆனால் அதே உடம்பு, அதே பிபி, அதே நெருக்கம். ஆகவே காவல் வைக்க வேண்டியது அந்தக் கண்ணுக்குத்தான். அதற்கு வீட்டிலேயே இரண்டு வழி சொல்கிறேன். தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியையோ, நீங்கள் வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைந்தாலோ, நடுவில் ஒரு புள்ளி காணாமல் போனாலோ விழித்திரையில் நீர் சேர்கிறது என்று பொருள். அடுத்து, குங்குமச் சிமிழைத் திறந்து ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். இடது கண்ணில் சிவப்பு நாளுக்கு நாள் வெளிறிக் காவி போலத் தெரிந்தால், பார்வை நரம்பு நசுங்குகிறது. தைராய்டுக் கண்ணில் பார்வையைப் பறிக்கும் பெரிய ஆபத்து அதுதான், நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு வருகிறது. கண் அதிகம் பிதுங்காதவர்களுக்கும் வரும். முன்னே தள்ள இடமில்லாமல் அழுத்தம் முழுவதும் பின்னால் நிற்பதால், சிலருக்குக் கண் பிதுங்காமலேயே இது வருகிறது. இரண்டில் எது நடந்தாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் டாக்டரிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு நாள் கணக்குக் கிடையாது. கதவைச் சாத்தியது போல ஒரு கண் சட்டென்று, வலியே இல்லாமல் இருண்டுபோனால், அடைத்தது பாசன வாய்க்கால். தைராய்டு மிகையானவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். 1835-இல் அயர்லாந்து டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸ் இந்த நோயை விவரித்தபோது அவர் கண்ணில் முதலில் பட்டதே மூன்று பெண்களின் படபடப்புதான். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குள் ரத்தம் கட்டியாகி, அங்கிருந்து கிளம்பி மூளைக்கும் போகலாம், கண்ணுக்கும் போகலாம். விழித்திரை இதை ஒன்றரை மணி நேரம் அளவுக்குத்தான் பெரிய சேதமில்லாமல் தாங்கும், நான்கு மணி நேரத்தில் மீட்க முடியாதபடி கெட்டுவிடும். காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, பக்கவாதத்துக்கு ஓடுவது போலப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சில நிமிஷம் இருண்டு தானே சரியானாலும் அப்படியே. அவருக்குக் கை நடுக்கம், படபடப்பு இருந்தால் அடுத்த முறை ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

கார்பிமசோல் சாப்பிடும்போது தொண்டை வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு யாராவது ஏற்கனவே சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு ஒரேயடியாக எதிர்ப்பக்கம் போய்த் தைராய்டு குறைந்துவிட்டாலும் கண் நோய் மோசமாகும், ஆகவே ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

பீடியைப் பற்றி அவருக்கே நேரடியாகச் சொல்கிறேன். ஐயா, இந்த நோயில் நாங்கள் கொடுக்கும் மருந்தின் பலனைக் குறைக்கும் ஆற்றல் அந்தக் கட்டுக்கு இருக்கிறது. புகைப்பவர்களுக்குத் தைராய்டுக் கண் வருவதும் அதிகம், முற்றுவதும் அதிகம், ஸ்டீராய்டு வேலை செய்வதும் குறைவு. ஒரேயடியாக விட முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள், நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற உதவி உண்டு. சகோதரி, நீங்கள் கருவாடும் ஊறுகாயும் குறைத்து, இரவில் தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னால் காலை வீக்கம் தணியும். ஒரு கண் மங்கலாக இருக்கும்வரை பைக் ஓட்ட விடாதீர்கள், முக்கியமாக இருட்டில் ஆற்றங்கரைச் சாலையில்.

பேரன் விஷயம். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணின் தோற்றத்துக்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. நோயின் சூடு தணிய ஒன்றரை இரண்டு வருஷம் ஆகும். தணிந்து ஆறு மாதமாவது நிலையாக நின்ற பிறகு, தேவைப்பட்டால் முதலில் கண்குழி எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் உண்டாக்குவார்கள், அடுத்து மாறுகண்ணைச் சரிசெய்வார்கள், கடைசியாக இமையை இறக்குவார்கள். பார்வை நரம்பு நசுங்கினால் மட்டும் எலும்பு ஆப்பரேஷனை முன்பே செய்வார்கள். பலருக்கு வீக்கம் தணிந்து இமையை மட்டும் சரிசெய்தாலே முகம் பழையபடி ஆகிவிடுகிறது. அதுவரை லேசான கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், வயல் காற்றுக்கும் தூசிக்கும் அது நல்லது. பேரனைத் தூக்கும் முன்னால் அவனுக்குத் தெரிந்த குரலில் நாலு வார்த்தை பேசச் சொல்லுங்கள். பழகிய குரலைக் கேட்டால் அவன் பயம் கொஞ்சம் தணியலாம்.

முதல் ஊசிக்குப் போகும்போது தைராய்டு, சுகர், பிபிச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஓசிடி ஸ்கேன் எடுத்ததும் அதன் படத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது ஊசி முடிந்தபின் எடுக்கும் ஸ்கேனையும் அதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துப் பதில் எழுதுகிறேன்.